ஏழாவது வரி தெரிகிறதா?

எங்கள் தெருக் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கிறவரை எல்லாரும் பவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "எனக்கு எவ்வளவு பவர்க்கா? போன தடவைக்கு ஏறியிருக்கா?" என்று வருகிறவர்கள் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்ட பெயர். ஊருக்கு அக்கா, வயதில் எனக்குத் தங்கை. அந்தக் கடைக்கும் என் அச்சுக்கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் நான் தண்ணீர் குடிப்பேன். ஆகவே இதில் பாதி நான் கண்ணால் கண்டது, மீதி சுவர் வழியாகக் கேட்டது.

கண் பார்க்கிற அறை கடையின் பின்பக்கம். உள்ளே இரண்டு பேர் இருந்தால் மூன்றாவது ஆள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். உயரமான ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை, மேசைமேல் ஒரு மரப்பெட்டியில் வரிசை வரிசையாக லென்ஸ்கள். உட்கார்ந்தவர் மூக்கின்மேல் ஒரு கனத்த ஃபிரேமை மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று அக்கா கேட்பார். தூரத்து எழுத்துச் சோதனை முடிந்ததும் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து விளக்கை அதன்மேல் திருப்புவார். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கான அட்டை. முதல் வரி கட்டைவிரல் நகத்தின் அளவு. வரி வரியாகச் சிறுத்துக்கொண்டே போய், ஏழாவது வரி எறும்பு ஊர்ந்த தடம் போல இருக்கும். எந்த வரிவரைக்கும் தட்டுத்தடுமாறாமல் வாய்விட்டுப் படிக்கிறார்களோ, அதை வைத்துத்தான் பவர்.

அந்த அட்டையில் பதினொரு வருஷமாக ஒரே கதை. 'ஓர் ஊரில் ஓர் உழவன் இருந்தான். அவனுக்கு நான்கு புதல்வர்கள்' என்று தொடங்கி, ஏழாவது வரியில் 'மூத்தவன் கிணற்றருகே சென்று எட்டிப்' என்பதோடு அட்டை முடிந்துவிடும். எட்டிப் பார்த்தானா, எட்டிப் பிடித்தானா, யாருக்கும் தெரியாது. கேட்கிறவர்களுக்கெல்லாம் அக்கா ஒரே பதில்தான் சொல்வார்: "உங்களுக்குத் தெரியுதான்னுதான் பாக்கறோம். அவனுக்குத் தெரிஞ்சுதான்னு இல்ல."

என்னிடம் மட்டும் ஒருநாள் பொரிந்து தள்ளினார். "ஒரு நாளைக்கு முப்பது தடவ அண்ணே! பதினோரு வருஷமா அவன் கெணத்துக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கறான். எனக்குக் கழுத்து வலிக்குது."

அவருக்கு அது கழுத்து வலி மட்டுமல்ல, காது வலியும்கூட. ஏனென்றால் அக்கா கவிதை எழுதுகிறவர்.

இது எனக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. சின்ன வயதில் அவருக்குக் கிட்டப்பார்வை. பத்து வயதுவரை வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வகுப்பில் கரும்பலகை என்பது அவருக்கு ஒரு கறுப்புப் புகை. மற்றப் பிள்ளைகள் செய்யுளை இராகம் போட்டு ஒப்பிக்க, அதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார். முதல் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்த அன்று மரத்துக்குத் தனித்தனியாக இலை இருக்கிறது என்று கண்டுபிடித்து, வீடு போகும்வரை வாயை மூடவில்லையாம். "கண்ணு அன்னிக்குத்தான் வந்துச்சு. கவிதை அதுக்கு முன்னாடியே காது வழியா உள்ள வந்து உக்காந்துருச்சு" என்பார்.

எழுதுவது லென்ஸ் வருகிற சின்னக் காகித உறைகளின் உள்பக்கத்தில். உறையைப் பிரித்து விரித்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தாள். அதற்கு மேல் வழிந்தால் அது கவிதை இல்லை, வியாக்கியானம் என்பது அவருடைய கட்சி. ஓர் ஆள் எழுந்து போய் அடுத்த ஆள் வந்து உட்காருவதற்குள் ஒரு சொல்லை அடிப்பார். அதற்கடுத்த ஆள் போனதும் அடித்த சொல்லையே திரும்பப் போடுவார். சில நாள் சாயங்காலம் என் கடை வாசலில் வந்து நின்று, "இன்னிக்கு நாள் பூரா வேல பாத்து ஒரு கமாவ எடுத்தேன் அண்ணே" என்று, சுமை இறக்கியவர் போலப் பெருமூச்சு விடுவார்.

வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். தங்கமான மனுஷர். எந்தக் கவிதையைப் படித்துக் காட்டினாலும் "நல்லாருக்கு" என்பார். ஒரு தடவை அக்காவுக்குச் சந்தேகம் வந்து, துணி துவைக்கிற இயந்திரத்தோடு வந்த உத்தரவாதச் சீட்டை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினார். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. கடைசி வரி மட்டும் கொஞ்சம் நீளம்" என்றார். அக்கா சீட்டைத் திருப்பிப் பார்த்தார். கடைசி வரி நீளம்தான்.

ஊரில் ஒரு காலாண்டிதழ் உண்டு. அதை நடத்துகிறவர் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் பேராசிரியர். அக்கா அவருக்குத் தன் சொந்தப் பெயரில் மூன்று தடவை கவிதை அனுப்பினார். மூன்று தடவையும் ஒற்றை வரியில் பதில் வந்தது. முதல் பதில்: 'கருத்து உண்டு, கவிதை இல்லை.' இரண்டாவது: 'கவிதை உண்டு, கருத்து இல்லை.' மூன்றாவது: 'இரண்டும் உண்டு, இதழில் இடம் இல்லை.' அக்கா மூன்றையும் லென்ஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்தார். "எவ்வளவு சுருக்கமா எழுதறார் பாருங்க அண்ணே. இவர்தான் கவிஞர்."

அப்படி இருக்கும்போதுதான் அந்த உழவன் அட்டை முனை பிய்ந்து, நடுவில் காப்பிக் கறை படிந்து, நான்காவது புதல்வன் காணாமல் போனான். முதலாளி, "பக்கத்துக் கடைல குடுத்து அதே மாதிரி புதுசா ஒண்ணு அடிச்சுக்கம்மா" என்றார். அக்கா பழைய அட்டையோடு என் கடைக்குள் வந்தார். கணினி முன் உட்கார்ந்திருந்த என் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்தார்.

"அண்ணே, எழுத்து அளவு மட்டும் மாறக் கூடாது. அதுதான் சட்டம். என்ன எழுதியிருக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் ஒரு லென்ஸ் உறை விரிந்திருந்தது.

*வீட்டில் எல்லாரும் தேடுகிறார்கள்*
*கத்தரிக்கோலை.*
*அலமாரியில் இல்லை, மேசையில் இல்லை.*
*கடைசியாக எடுத்தது யார் என்று*
*ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.*
*வெட்டியது போதும் என்று*
*அதுவே ஒளிந்துகொண்டிருக்கும்.*

"முதலாளி பாத்தா?" என்றேன்.

"பாக்க மாட்டார்" என்றார் அக்கா, தீர்மானமாக.

அது உண்மை. முதலாளிக்கு வெள்ளெழுத்து வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் கண்ணாடி போட மாட்டார். 'கண்ணாடி விக்கறவனுக்கே கண்ணு போச்சுன்னா கடைக்கு என்ன மரியாதை' என்பது அவர் வாதம். பில்லைக் கையில் எடுத்து, கையை நீட்டி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்துப் படிப்பார். ஒருநாள் கை நீளம் போதாமல், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற வாடிக்கையாளரையே பில்லைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அட்டை அடித்தாயிற்று. மறுநாள் காலை முதல் ஆளாக ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். நான் சுவரோரம் காதை வைத்துக்கொண்டேன். கண்டக்டர் நிறுத்தங்களின் பெயரைக் கூவுகிற குரலில், "வீட்டில்... எல்லாரும்... தேடுகிறார்கள்... கத்தரிக்கோலை!" என்று இறங்க வேண்டியவர்களை எழுப்பினார். ஆறாவது வரியோடு நின்றுவிட்டது. "வெட்டியது போதும் என்று... அப்புறம் தெரியலக்கா. என்னாச்சு? கெடச்சுதா?"

"இருங்க, கால் பவர் ஏத்தறேன்."

லென்ஸ் மாறுகிற சத்தம். பிறகு கண்டக்டர், "அதுவே ஒளிந்து..." என்று மெதுவாகப் படித்து, ஒரு விநாடி விட்டு, "அட நாசமாப் போறதே!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அக்கா சுவரை இரண்டு தட்டுத் தட்டினார், எனக்காக.

அதற்குப் பிறகு அந்த அறை அவருக்குப் பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. வக்கீல் படித்தால் கவிதை குற்றப்பத்திரிகை ஆகும். நர்ஸ் படித்தால் தூங்கப் போகலாம் போல இருக்கும். முதலில் 'ஒருவரையொருவர் சந்தேகத்துடன் நோக்குகின்றனர்' என்றுதான் ஐந்தாவது வரி இருந்ததாம். உறையிலேயே அடித்து மாற்றியதாகச் சொன்னார். அட்டை வந்த பிறகு அந்த வேலையை ஊரே செய்தது. எந்த இடத்தில் மூன்று பேர் நாக்கு இடறுகிறதோ, அந்தச் சொல்லைத் தூக்கிவிடுவார். "கண்ணு தெரியாம தடுமாறறது வேற, சொல்லு சரியில்லாம தடுமாறறது வேற அண்ணே. எனக்கு ரெண்டும் தெரியும்" என்பார். தையற்கடை நடத்தும் அம்மா ஒருத்தர் ஏழாவது வரியைப் படித்துவிட்டு, "எங்க வீட்டுலயும் அதான் நடக்குது. ஆனா ஒளிஞ்சது கத்தரிக்கோல் இல்ல, எங்க வீட்டுக்காரர்" என்றார். இன்னொரு கிழவர் ஆறாவது வரிக்கு மேல் தெரியவில்லை என்றதும், அக்கா, "உங்களுக்கு இந்த பவர் போதும்ங்க, இதுக்கு மேல போட்டா தலை வலிக்கும்" என்றார். கிழவர் கெஞ்சினார்: "வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. கதை முடியற வரைக்குமாவது போடும்மா." அக்கா அந்த லென்ஸை அரை நிமிடம் மட்டும் போட்டுக் காட்டிக் கழற்றினார்.

இரண்டு மாதத்துக்கொரு தடவை அட்டையை மாற்றினார். அதற்கும் தொழில் நியாயம் இருந்தது. மனப்பாடம் ஆகிவிட்ட அட்டையை வைத்துக் கண் பார்க்க முடியாது. தெரிகிறதா, நினைவிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனால் கத்தரிக்கோல் அட்டைமேல் அவருக்குத் தனிப் பாசம். நடுநடுவே அதை மறுபடி எடுத்துவிடுவார். ஒன்றரை வருஷம் இப்படி ஓடிற்று. ஊரில் நாற்பது தாண்டியவர்களில் பாதிப் பேர் அக்காவின் கவிதையை உரக்கப் படித்திருந்தார்கள். ஒருவருக்கும் அது கவிதை என்று தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பேராசிரியர் வந்தார்.

வெளியே சீட்டில் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா சீட்டைப் பார்த்தார். பெட்டி மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தார். மெதுவாக மூடியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று பதில் எழுதிய மனுஷர் மூக்கின்மேல் கனத்த ஃபிரேமைத் தன் கையாலேயே மாட்டினார். அன்று மேசைமேல் இருந்தது கத்தரிக்கோல் அட்டை. அவருக்கு இரண்டாவதாக அனுப்பிய கவிதையும் அதுவேதான்.

பேராசிரியர் அட்டையை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டார். வகுப்பறைக் குரல். ஒவ்வொரு வரியையும் மேடையில் நிறுத்திப் படித்தார். ஆறாவது வரிக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார். பிறகு தயங்காமல், "வெட்டியது போதும் என்று... வெட்கி நின்றது இரும்பு!" என்றார்.

இந்தப் பக்கம் நான் அழைப்பிதழ் கட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"கடைசி வரி இன்னொரு தடவை படிங்க சார்" என்றது அக்காவின் குரல்.

"வெட்கி நின்றது இரும்பு."

"அப்படி இல்லையே சார்."

"இருக்கும்மா. அப்படித்தான் முடியும். நாப்பது வருஷமா கவிதை படிக்கறவன் நான். ஆறு வரியைப் பாத்தா ஏழாவது எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்க ஏழாவது வரியைப் பாக்கணும் சார். அது எங்க போகும்னு நெனைக்கக் கூடாது."

பிற்பாடு என்னிடம் சொன்னார்: "அந்த நேரம் 'சரியாச் சொன்னீங்க சார்'னு ஒரு வார்த்தை சொல்லி, அந்த பவரையே எழுதிக் குடுத்திருந்தா, மனுஷன் ஆயுசுக்கும் கடைசி வரியக் கற்பனை பண்ணிக்கிட்டே இருந்திருப்பாரு. வாய் வரைக்கும் வந்துச்சு அண்ணே. ஆனா சோறு போடற தொழில். மனசு வரல."

கால் பவர் ஏற்றினார். தெரியவில்லை. இன்னொரு கால் ஏற்றினார்.

"அதுவே... ஒளிந்துகொண்டிருக்கும்" என்று படித்தார் பேராசிரியர். வகுப்பறைக் குரல் இறங்கியிருந்தது. ரொம்ப நேரம் அட்டையையே பார்த்தார். "ம். இரும்பு வேண்டாம். இதுதான் சரி." மறுபடி, "என்னோடதும் மோசமில்ல" என்றார். அப்புறம்தான் கேட்டார்: "இதை எழுதினது யாரு?"

"அட்டை அச்சாகி வருது சார். யார் எழுதினாங்கன்னு அட்டைல போட மாட்டாங்க" என்றார் அக்கா. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அந்தக் காலாண்டின் இதழில் பேராசிரியர் இரண்டு பக்கம் எழுதிவிட்டார். கண் சோதிக்கப் போன இடத்தில் ஒரு கவிதை தன்னைச் சோதித்ததாகவும், எழுதியவர் பெயர் தெரியாத ஒரு மேதை என்றும், தான் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த குரல் இதுதான் என்றும். கவிதை முழுசாக, கடையின் முகவரியோடு.

கூட்டம் வர ஆரம்பித்தது. பெரிய கூட்டம் என்று சொல்ல முடியாது. அந்த இதழைப் படிக்கிறவர்களே அறுபது பேர்தான். ஆனால் அறுபது பேரும் வந்தார்கள். கழுகுக்கண் உள்ள இளைஞர்கள்கூட உட்கார்ந்து, "படிக்கற அட்டையக் குடுங்க" என்று அடம்பிடித்தார்கள். அக்காவுக்குத் தலைவேதனை. எல்லாரும் ஏழாவது வரியை அட்டையைப் பார்க்காமலே ஒப்பித்தார்கள். உண்மையாகவே பார்வை மங்கிய ஒருவர் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சொல்லி முடித்தார். வேறு வழியில்லாமல் அக்கா வாரத்துக்கொரு கவிதை எழுத வேண்டியதாயிற்று. "புகழ் வந்தா எழுத நேரம் கெடைக்கும்னு சொல்வாங்க. எனக்கு வேலதான் ரெட்டிப்பாச்சு. அதுவும் புகழ் வந்தது யாருக்குன்னே தெரியல" என்று புலம்பினார்.

யாருக்கு என்பது அடுத்த வாரமே தெரிந்தது.

முதலாளிக்குக் கூட்டம் ஏன் என்று புரியவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, "அந்த அட்டைல அப்படி என்னதாம்மா இருக்கு? படி" என்றார். அக்கா அட்டையை அவர் முன்னாலேயே பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல், "ஓர் ஊரில் ஓர் உழவன் இருந்தான்" என்று தொடங்கிக் கிணறுவரை கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதுக்கா இவ்ளோ கூட்டம்?" என்று முதலாளி தலையைச் சொறிந்தார்.

அன்று மத்தியானம் இதழைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒருவர் கவுண்டரில் நின்று, "இந்த அட்டைல இருக்கறது எங்க எழுதினது?" என்று கேட்டார். முதலாளி பெருமையாக, "நம்ம கடைலதான்" என்றார்.

"நீங்களா எழுதினீங்க?"

முதலாளி ஒரு நொடி யோசித்திருப்பார். எதிரே நின்றவர் கண்ணில் அப்படி ஒரு பக்தி. "பின்ன?" என்றார்.

ஒரே ஒரு 'பின்ன'. அது ஊரைச் சுற்றிவிட்டது. மறுநாள் பேராசிரியரே வந்து முதலாளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நூலக மாடியில் பாராட்டுக் கூட்டம் என்றார். கவிஞர் தம் வாயாலேயே அந்தக் கவிதையை வாசிக்க வேண்டும் என்றார். முதலாளி தலையை ஆட்டிவிட்டு, அவர் போனதும் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார்.

அக்கா உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் என் கடைக்கு வந்தார். முதலில் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"பேர் வேணும்னு நான் கேக்கவே இல்ல அண்ணே. ஒளிஞ்சிருந்து கேக்கறது எனக்குப் பிடிச்சுது. ஆனா ஒளிஞ்சிருக்கறது வேற, காணாமப் போறது வேற. வயிறு எரியுது."

"போய்ச் சொல்லிடேன்."

"சொன்னா கூனிக் குறுகிப் போயிடுவாரு. இல்லன்னா என் மேலயே பாய்வாரு. கெட்ட மனுஷன் இல்ல, வாய் கொஞ்சம் முந்திக்கிச்சு. அவரே சொல்ற மாதிரி ஏதாவது வழி இருக்கணும்." என் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை முதலாளி தானாகவே உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "ஏம்மா, மேடைல படிக்கணுமாம். எனக்கும் ஒண்ணு பாத்துக் குடு. வெளிய தெரிய வேணாம்."

அக்கா ஃபிரேமை மாட்டினார். கத்தரிக்கோல் அட்டையை எடுத்துக் கொடுத்தார். ஊரிலேயே அந்த அட்டையை வைத்து நேர்மையாகக் கண் பார்க்கக்கூடிய ஒரே ஆள் இப்போது முதலாளிதான். எழுதினவர் என்று பேர் வாங்கியவர் மட்டும்தான் அதை இன்னும் படிக்கவில்லை. லென்ஸ் ஒவ்வொன்றாக ஏற, ஏழெட்டு வருஷமாக மங்கிக் கிடந்த எழுத்து அவருக்குத் துலங்கிற்று. ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஏழாவது வரி முடிந்ததும் திகைத்துப்போய்க் கேட்டார்:

"உழவன் எங்கம்மா? நான் கத்தரிக்கோல் பத்தியா எழுதியிருக்கேன்?"

நான் இந்தப் பக்கம் வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டேன்.

"ஆமாம் முதலாளி" என்றார் அக்கா, குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் முதலாளி சந்தேகத்தோடு. "மேடைக்குப் பெரிய எழுத்துல அடிச்சுத் தரச் சொல்லு."

"பெரிய எழுத்த யார் வேணா படிக்கலாம். புதுக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு இத்துனூண்டு எழுத்த அத்தன பேர் முன்னாடி தடுமாறாமப் படிச்சீங்கன்னா, கடைக்கு அதுக்கு மேல ஒரு விளம்பரம் உண்டா?"

முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. வியாபாரம் என்று வந்துவிட்டால் அவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அந்த மேடை அட்டையை அச்சடித்த பாவம் என்னுடையது. ஏழு வரிக்குக் கீழே எட்டாவதாக ஒன்று இருந்தது. அதைவிடச் சின்ன எழுத்து என்னிடம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் நாற்காலி போதவில்லை. கண்டக்டர் வந்திருந்தார், தையற்கடை அம்மா வந்திருந்தார். வீட்டுக்காரர் நூலகத்து லிப்டுக்குள் போனவர், சத்தம் சரியில்லை என்று இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில். பேராசிரியர் இருபது நிமிடம் அறிமுகம் செய்தார். பிறகு முதலாளி எழுந்தார். பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி மாட்டிக்கொண்டார். அட்டையைக் காலையில்தான் அக்கா அவர் கையில் கொடுத்திருந்தார். சட்டைப்பையில் போட்டவர் இப்போதுதான் எடுக்கிறார்.

நன்றாகவே படித்தார். பில் படித்துப் பழகிய குரல், ஆனாலும் ஒரு சொல் பிசகவில்லை. ஏழாவது வரிக்குக் கைதட்ட எல்லாரும் கையைத் தூக்கியபோது, அதே வேகத்தில், கம்பீரமாக, எட்டாவதையும் படித்துவிட்டார்:

"இதை எழுதியது நான் இல்லை, என் கடையில் கண் பார்க்கிற பவர் அக்கா."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. முதலாளியின் உதடு மட்டும் அந்த வரியைச் சத்தமில்லாமல் இன்னொரு தடவை படித்தது. கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பவர் சரியாத்தான் போட்டிருக்கா" என்றார்.

முதலில் சிரித்தது கண்டக்டர். அப்புறம் கூரை இடிந்துவிடும் போல ஆயிற்று. முதலாளி கையைக் காட்டி அமர்த்தினார். "சிரிங்க, சிரிங்க. ஒரு வாரமா நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 'இன்னொண்ணு எழுதுங்க'ன்னு யாராவது கேட்டுட்டா என்ன பண்றதுன்னு சோறு எறங்கல. ஏம்மா, எந்திரிச்சு முன்னாடி வா."

அக்கா எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷமாக எல்லாரையும் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தவரை இப்போது எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர்தான் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது பேராசிரியர் மூச்சிரைக்க வந்து வழி மறித்தார். "இவ்வளவு நல்லா எழுதறீங்க, எனக்கு ஒரு தடவையாவது அனுப்பியிருக்கக் கூடாதா?"

"அனுப்பினேன் சார். மூணு தடவை."

"எனக்கா? வேற பேர்லயா?"

"என் பேர்லதான் சார். ரெண்டாவதா அனுப்பினது இதே கத்தரிக்கோல்தான். கவிதை உண்டு, கருத்து இல்லன்னு பதில் வந்துச்சு."

பேராசிரியர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "அப்ப எனக்கு வெள்ளெழுத்து" என்றார். அதைச் சொல்லத் தெரிந்ததற்காகவே அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அடுத்த இதழில் அக்காவின் கவிதைகள் மூன்று, அவர் பெயரோடு வந்தன. நான் தெருவில் எல்லாருக்கும் காட்டினேன். அக்கா வாங்கிப் பார்த்தார், புரட்டினார், மூடி வைத்தார்.

"சந்தோஷமா இல்லையாம்மா?"

"இல்லாம என்ன? பேரைப் பாத்ததும் உள்ளங்கால் வரைக்கும் குளுந்துச்சு. ஆனா அண்ணே, இதுல அது வாயத் தெறக்க மாட்டேங்குது. யார் படிக்கறாங்க, எங்க நிக்கறாங்க, எங்க சிரிக்கறாங்க, எதுவும் தெரியல. கண்டக்டர் ஒருத்தர் தப்பாப் படிச்சாருன்னா, அந்தத் தப்பு நான் எழுதினதவிட நல்லா இருக்கும் சில நேரம். நான் அதத் திருடிக்குவேன். இதுல யார்கிட்ட திருடறது?"

ஆகவே அட்டைகள் நிற்கவில்லை. முதலாளியும் இப்போது மாதாமாதம் முதல் ஆளாக உட்கார்ந்து படிக்கிறார். பிடிக்கவில்லை என்றால், "இந்த மாசம் சரக்கு கொஞ்சம் மட்டம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். வாசலில் பலகை ஒன்று எழுதி வைக்கலாமா என்று கேட்டார். அக்கா முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

நேற்று மத்தியானம் அக்கா ஒரு லென்ஸ் உறையோடு வந்தார். அவரிடம் பத்து வருஷமாக வருகிற டீச்சரம்மா ஒருவருக்கு முன்பல் நாலையும் எடுத்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை கண் பார்க்க வருகிறாராம். த, ந, ச எதைச் சொன்னாலும் காற்றுப் போகிறது என்று வெட்கப்படுகிறாராம். அதனால் அவருக்கென்று த, ந, ச இல்லாமல் ஏழு வரி வேண்டும்.

"த இல்லாமலா? தமிழ்லயே முதல் எழுத்து அதுதானேம்மா!"

"கவிதைலயும் கடைசி எழுத்து அதுதான். அதான் உயிர் போகுது" என்று உறையை நீட்டினார். நாலு வரி ஆகியிருந்தது.

*மரம் ஏறிய பூனைக்கு*
*இறங்கும் வழி மறக்கவில்லை.*
*கீழே ஆள் கூடட்டும் என்று*
*கிளை மேல் ஒய்யாரம்.*

"அப்புறம்?"

"அப்புறம் குதிக்கணும். 'குதி'ல தி வருது. தாவணும்னா தா வருது. பாயலாம், பாயறது எனக்குப் பிடிக்கல. பூனை பாஞ்சா அது புலி. நீங்க ஒரு சொல்லு சொல்லுங்க அண்ணே."

நான் அழைப்பிதழ் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்தேன். இறங்குமா, உருளுமா, விழுமா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து முதலாளி, "ஏம்மா, ஆள் வந்து உக்காந்திருக்கு!" என்று கூப்பிட, உறையை என் மேசையிலேயே போட்டுவிட்டு ஓடினார். இன்று வியாழன். பூனை இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. காலையிலிருந்து நான் ஓர் அழைப்பிதழ்கூட அடிக்கவில்லை.